தற்குறி: வசவாவதற்கு முன் அது எதைக் குறித்தது?

கேள்வி, 3 ஜூன்

அரசியல் விவாதங்களில் எதிர்த்தரப்பினரைத் 'தற்குறி' என்று ஏசுவது இப்போது அன்றாட வழக்கமாகிவிட்டது. தன் + குறி, அதாவது தன்னையே குறிக்கோளாகக் கொண்டவன், தன்னலக்காரன் என்பதே இதன் பொருள் என்று நான் நினைக்கிறேன். 'தறுதலை' என்பதிலிருந்து திரிந்தது என்கிறார் என் நண்பர். எது சரி?

3 ஜூன், மாலை

சொல்லைப் பிரித்த விதம் சரி, பொருள் சரியில்லை. தற்காப்பு, தற்பெருமை, தற்கொலை ஆகியவற்றில் உள்ள அதே புணர்ச்சிதான் இங்கும் உள்ளது. ஆனால் இந்தக் குறி குறிக்கோள் அன்று. கோடு, கீறல், அடையாளம் என்னும் பொருளில் வரும் குறி. எழுதத் தெரியாதவர் ஓர் ஆவணத்தின் அடியில் பெயருக்குப் பதிலாகத் தம் கையாலேயே இடும் அடையாளம் தற்குறி. இன்றைய பெருவிரல் ரேகை என்று வைத்துக்கொள்ளலாம். பின்னர் குறியின் பெயர் குறியை இட்டவருக்கு ஆகிவந்து, 'அவர் தற்குறி' என்றால் கையெழுத்துப் போடத் தெரியாதவர் என்று ஆயிற்று. கையெழுத்து அறியாதவர் அறிவிலி என்று ஊர் முடிவு கட்டியபோது சொல் வசவாயிற்று. தறுதலைக்கும் இதற்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவு இல்லை.

நான் 34 ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்தவன். கும்பகோணத்திற்குத் தெற்கே ஒரு சிற்றூரில், சார்பதிவாளர் அலுவலகத்திற்கு எதிர்ப்புறம் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சுகளும் போட்டு அமர்ந்திருந்தேன். வரைவு நகலின் ஓரத்தில் 'தற்குறி' என்று பென்சிலால் குறித்துவைப்பது எங்கள் வழக்கம். மைத்தட்டை எடுத்துவைக்க வேண்டும் என்பதற்கான நினைவூட்டல் அது. ஆயிரக்கணக்கான முறை எழுதியிருப்பேன். அதைக் கண்டு ஒருவரும் மனம் நொந்ததில்லை.

4 ஜூன்

இது பத்திர எழுத்தர்கள் உண்டாக்கிய சொல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு இளைய சொல் அன்று. கோயில் கல்வெட்டுகளில் நிலம் விற்றவர்களும் தானம் கொடுத்தவர்களும் வரிசையாக 'இவை என் எழுத்து' என்று முடிப்பார்கள். எழுத்து அறியாத ஒருவர் அந்த வரிசையில் வரும்போது, வேறொருவர் அவருக்காகத் 'தற்குறி மாட்டெறிந்தேன்' என்று எழுதித் தம் பெயரைச் சேர்ப்பார். 'இந்த அடையாளம் இன்னாருடையது, அதற்கு நான் பொறுப்பு' என்பது அதன் கருத்து. பதிவு அலுவலகத்தில் அடையாளம் காட்டும் சாட்சிகள் இரண்டு பேர் இன்றும் செய்வது அதையேதான்.

இளவயதில் இத்தொடரை முதன்முறை பார்த்தபோது, எழுதத் தெரியாதவர் ஏன் மாட்டை எறிய வேண்டும் என்று உண்மையாகவே குழம்பினேன். தமிழாசிரியர் ஒருவர் சிரித்துவிட்டு விளக்கினார். இந்த மாட்டு என்பது மாட்டுதல், அதாவது ஒன்றோடு ஒன்றைக் கோத்தல். தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் உறுப்புகளில் மாட்டும் ஒன்று. சொற்கள் தள்ளிக் கிடந்தாலும் நெருங்கிக் கிடந்தாலும் உரிய இடத்தோடு இணைத்துப் பொருளை முடித்துக்கொள்ளச் செய்வது அது. ஓரிடத்தில் சொன்ன இலக்கணத்தை இன்னோரிடத்தோடு பொருத்திக்கொள்ளச் சொல்லும்போது உரையாசிரியர்களும் 'மாட்டெறிதல்' என்ற சொல்லைக் கையாளுகிறார்கள். கல்லில் ஒரு கீறலை ஒரு மனிதனோடு கோத்துவிடுவதற்குச் செய்யுள் இலக்கணத்துச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது, நான் என் தொழிலைப் பற்றி அறிந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

4 ஜூன், இரவு

நேற்று எழுதியதில் ஒரு பிழை. தற்குறியைப் 'பெருவிரல் ரேகை என்று வைத்துக்கொள்ளலாம்' என்றேன். கூடாது.

குறி என்பது இடுவது, ரேகை பதிவது. கட்டுத்தாளில் நான் பார்த்த மிகப் பழைய கிரயப் பத்திரங்களில் ரேகையே இருக்காது. கூட்டல் குறி போல ஒன்று, அல்லது இரண்டு சாய்ந்த கோடுகள், பக்கத்தில் எழுதியவரின் கையெழுத்தில் 'இன்னார் கீறல்' என்று இருக்கும். அந்தக் கோடு நடுங்கியிருக்கலாம், பேனா முனை தாளைக் கிழித்திருக்கலாம். ஆனாலும் அது ஒருவர் தம் கையால் ஏதோ ஒன்றை வரைந்ததன் தடம். ரேகை வைப்பவர் எதையும் வரைவதில்லை. அவருடைய விரலைப் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் உருட்டுபவர் வேறொருவர்.

ரேகையின் வரலாற்றில் எழுத்தறியாமைக்கு இடமே இல்லாத ஒரு தொடக்கம் உண்டு. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்கான பொருள்களை வழங்க ராஜ்யதர் கோனாய் என்பவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். கோனாய் வங்க மொழியில் ஒப்பந்தத்தைத் தாமே எழுதி, வழக்கம்போலக் கையெழுத்திடப் போனார். ஹெர்ஷல் அவரைத் தடுத்து, அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையை அவருடைய உள்ளங்கையிலும் விரல்களிலும் தடவித் தாளில் பதிக்கச் செய்தார். பின்னாளில் 'இது என் கையெழுத்து இல்லை' என்று அவர் மறுத்துவிடாதபடி அச்சுறுத்துவதே நோக்கம் என்று ஹெர்ஷலே எழுதிவைத்திருக்கிறார். ஆக, இந்தக் கதையில் முதலில் கை பதித்தவர் எழுதத் தெரிந்தவர், கையெழுத்திட முன்வந்தவர். ஆனால் அவருடைய எழுத்தை நம்ப ஆள் இல்லை.

1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்ட் ஹென்றியின் பெயர் நின்றுவிட்டது. கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு ஆற்றிய அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகியோரின் பெயர்கள் வெகுகாலம் பின்னால் நின்றன. யாருடைய பெயர் எதில் பதிகிறது என்பதும் இந்தப் பேச்சோடு ஒட்டியதுதான்.

7 ஜூன்

'மன்னர்கள் மட்டும் படித்தார்களா, அவர்களும் முத்திரைதானே குத்தினார்கள்' என்று எழுதியிருப்பவர் வேடிக்கையாகக் கேட்டாலும், கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. குறி, பொறி, இலச்சினை, முத்திரை, சின்னம் இவையெல்லாம் அடையாளத்திற்கான சொற்களே. ஆனால் ஏழை இட்டால் குறி, அரசன் இட்டால் இலச்சினை என்று தமிழ் பந்தி பிரித்து வைத்திருக்கிறது.

பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குவியும் பண்டங்களுக்குச் சோழனின் ஆட்கள் 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்று வருகிறது. சுங்கம் முடிந்தது என்பதற்கு அடையாளம் புலி. சோழர் செப்பேடுகளைக் கோத்த வளையத்தின் இலச்சினையில் அமர்ந்த புலியோடு மீன்களும் வில்லும் சேர்ந்திருக்கும். பாண்டியனின் கயலையும் சேரனின் வில்லையும் தன் முத்திரைக்குள் இழுத்துவைத்துக்கொள்வது வெற்றியை எழுத்தில்லாமல் சொல்லும் வழி. அதுவும் ஒரு தன் குறிதான். தற்குறி என்று சொல்ல எவருக்கும் துணிவில்லை.

சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்து வணிகர் மூட்டைகள் 'தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி' என்று வருகின்றன. சரக்கு மூட்டையின் மேல் பெயர் இருந்தது என்பதே அழகிய செய்தி. அதற்கும் முந்திய கீழடிப் பானை ஓடுகளில் 'ஆதன்' போன்ற பெயர்களும் உண்டு, எழுத்தல்லாத கீறல்களும் உண்டு. ஆய்வாளர்கள் அவற்றைக் 'குறியீடுகள்' என்று மரியாதையோடு அழைக்கிறார்கள். என் மேசையில் அதே வகைக் கீறலை இட்டவரைக் குறியீட்டாளர் என்று நான் எழுதியதில்லை.

உழவர்க்கு மதிப்பான குறியே இருந்ததில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் வேளாண் அமைப்பினர் தங்கள் அடையாளமாக ஏரையே கொண்டிருந்தார்கள். மராத்திய நாட்டுப் பழைய ஆவணங்களிலும் ஊர்த்தலைவரான பாட்டீல் தம் பெயரோடு ஒரு கலப்பையை வரைவித்தார். கலப்பை தனி ஒருவனுடைய இயலாமையைக் காட்டவில்லை, ஒரு தொழிலின் உரிமையைக் காட்டியது. ஒற்றைக் கோட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

என் தொழிலுக்கும் இலக்கியத்தில் இடம் உண்டு. அகநானூற்றின் 77ஆம் பாடலில், கயிற்றால் கட்டிய குடத்தின் மேலிட்ட பொறியைச் சரிபார்த்து உடைத்து, உள்ளிருக்கும் ஓலைகளை எடுப்பவர்கள் 'ஆவண மாக்கள்' என்று அழைக்கப்படுகிறார்கள். ஆவணம் என்னும் சொல் அன்று முதல் இன்றுவரை அப்படியே நிற்பது பெருமைதான். உவமை மட்டும் அவ்வளவு பெருமையானதன்று: களத்தில் விழுந்த வீரனின் குடலைப் பருந்தினத்துப் பறவை இழுப்பதை ஆவண மாக்களின் வேலையோடு ஒப்பிடுகிறார் புலவர். எங்களிடம் வந்துபோன கட்சிக்காரர்கள் இந்த உவமையை மறுக்க மாட்டார்கள்.

8 ஜூன்

'குறி' என்றாலே இளைஞர்கள் சிரிக்கிறார்களே என்கிறார் ஒருவர். சிரிக்கட்டும். வடமொழியில் 'லிங்கம்' என்பதற்கும் முதற்பொருள் அடையாளமே. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்திற்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

சங்க அகப்பாடல்களில் குறி என்பது காதலர் சந்திக்கும் இடத்தையும் குறிக்கும். பகலுக்குப் பகற்குறி, இரவுக்கு இரவுக்குறி. தலைவன் வந்ததை உணர்த்த நீரில் கல் எறிவது போல ஓர் ஒலி எழுப்புவான். சில இரவுகளில் காற்றில் ஒரு காய் உதிர்ந்து நீரில் விழும். அதை அவன் செய்த ஒலி என்று நம்பி அவள் வந்து காத்திருந்து திரும்புவாள். இதற்கு 'அல்லகுறிப்படுதல்' என்று பெயர்: குறி அல்லாததைக் குறியாகக் கொள்ளுதல். பதிவு அலுவலகத்திலும் அல்லகுறிகள் உண்டு. அண்ணன், தம்பி இருவரும் ஒரே மாதிரி இரண்டு சாய்கோடுகளை இட்டிருந்த ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் வழக்குமன்றம் வரை போய், எந்தக் கோடு எவருடையது என்பதை அடையாளம் காட்டிய சாட்சியின் சொல்லே முடிவு செய்தது. மாட்டெறிந்தவர் உயிரோடு இருந்ததால் பிழைத்தார்கள்.

12 ஜூன்

சுவரைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது.

எங்கள் அலுவலக வாசலுக்கு இடப்பக்கத்துச் சுவர், இடுப்பளவிலிருந்து தோள் அளவுவரை நீலமும் கருப்புமாக இழுவிய விரல் தடங்களால் நிறைந்திருக்கும். ரேகை வைத்தவர்கள் வெளியே வந்ததும் செய்யும் முதல் வேலை விரலைச் சுவரில் தேய்ப்பது. சிலர் தலைமுடியில் தேய்ப்பார்கள், எண்ணெய்ப் பசைக்கு மை இளகும் என்று. ஆண்டுக்கொருமுறை வெள்ளையடித்த பிறகு முதல் தடத்தை இடுவதற்கு மட்டும் எல்லோரும் சற்றுத் தயங்குவார்கள். ஒருவர் இழுவிவிட்டால் போதும், மாலைக்குள் பாதிச் சுவர் நிறைந்துவிடும்.

இதே மக்கள் வாக்களித்த நாளில் மை வைத்த விரலைத் துடைப்பதில்லை. 1962 பொதுத்தேர்தல் முதல் வழக்கத்தில் உள்ள அந்த மை மைசூரில் தயாராகிறது. துடைத்தாலும் போகாது என்பது வேறு விஷயம். விரலை உயர்த்திக் காட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். விரல் ஒன்று, மையும் ஏறக்குறைய ஒன்று. ஓரிடத்தில் நாணம், ஓரிடத்தில் பெருமிதம்.

தேர்தல் சின்னம் பிறந்ததே எழுத்தறியாத வாக்காளருக்காகத்தான். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர் சின்னத்தை ஒட்டியிருந்தார்கள். பெயரைப் படிக்கத் தெரிந்தவரும் இன்று சின்னத்தைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்துகிறார். ஒரு சின்னத்துக்காக வழக்காடுகிறார்கள், சின்னம் முடக்கப்பட்டால் கட்சியே முடங்கியதாகப் பதறுகிறார்கள். எதிரியைத் தற்குறி என்று ஏசும் தொண்டரின் தோளில் கிடக்கும் துண்டில் எழுத்து இருப்பதில்லை, சின்னம்தான் இருக்கிறது.

13 ஜூன்

டோக்கனுக்குத் தமிழ் என்ன என்ற கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்துள்ளது. 'வில்லை' பொருந்தும் என்பது என் கருத்து. வட்டமாகவும் தட்டையாகவும் உள்ள எதற்கும் அது பெயர். பித்தளைத் தகட்டை அடையாளமாக அணிந்த அலுவலக ஏவலரை முன்பு வில்லைச் சேவகன் என்றே அழைத்தார்கள். அடையாளத் தகடும் அது காட்டும் அதிகாரமும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன.

என் மனைவியின் கருத்து வேறு. பொங்கல் தொகுப்புக்கு நியாய விலைக் கடையில் போய் 'வில்லை கொடுங்கள்' என்று கேட்டால் சூட வில்லையைத்தான் எடுத்து நீட்டுவார்கள், அதையும் 'இல்லை' என்று சொல்லிவிடுவார்கள் என்கிறார். டோக்கன் இருந்துவிட்டுப் போகட்டும்.

15 ஜூன்

3ஆம் தேதிக் குறிப்பில் 'ஒருவரும் மனம் நொந்ததில்லை' என்று எழுதியிருந்தேன். அதைச் சுட்டிக்காட்டி, 'அவர்களுக்குத்தான் நீங்கள் எழுதியதைப் படிக்கத் தெரியாதே' என்று ஒரு வரியில் கேட்டிருக்கிறார் ஓர் அம்மையார். இரண்டு நாள்களாக அந்த வரிக்கு மறுமொழி தேடிக்கொண்டிருந்தேன். மறுமொழி இல்லை.

ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராக இரவு வகுப்புகளை நடத்திய காலம். அறுபது வயதைக் கடந்த ஒரு விவசாயத் தொழிலாளி அம்மாள், ஐந்து சென்ட் மனைக்கட்டைத் தம் மகளுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிவைக்க வந்தார். அந்த மனையை அவர் வாங்கிய மூலப்பத்திரத்தில் அவருடைய அடையாளம் ரேகை. நான் வழக்கம்போல வரைவின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவிட்டு மைத்தட்டைத் திறந்தேன். அவர், 'தம்பி, நான் கையெழுத்துப் போடுவேன்' என்றார்.

மூலப்பத்திரத்தில் ரேகையும் இதில் கையெழுத்தும் இருந்தால், பின்னாளில் வாங்க வருகிறவர்கள் ஆள் வேறோ என்று ஐயப்படுவார்கள் என்பது என் கவலை. அது தொழில் அறிந்தவனின் நியாயமான கவலை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆகவே இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுவிட்டு அருகிலேயே ரேகையும் வையுங்கள் என்று சொன்னேன். அவரும் அப்படியே செய்துவிட்டு, மகிழ்ச்சியோடு போனார். பெயர் நீளமானது, எழுதி முடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. கடைசி மெய்யெழுத்தின் புள்ளியை வைக்கும்போது பேனாவைச் செங்குத்தாகப் பிடித்து, நெல் நாற்றை ஊன்றுவது போல ஊன்றினார்.

16 ஜூன்

நேற்றைய குறிப்புக்கு வந்த ஒரு கேள்வி: ரேகைதானே பொய் சொல்லாதது, கையெழுத்தைவிட அதுவே உயர்ந்ததல்லவா?

நன்னூல் பெயர்களை இடுகுறி, காரணம் என்று இரண்டாக வகுக்கிறது. மரம் என்பதற்குக் காரணம் இல்லை, முன்னோர் இட்ட குறி. பறப்பதால் பறவை என்பதற்குக் காரணம் உண்டு. அந்த வகுப்பைச் சற்று நீட்டிப் பார்த்தால், கையெழுத்து இடுகுறி. ரேகை காரணக்குறி, ஏனென்றால் அது விரலிலிருந்து மட்டுமே வரக்கூடியது. சட்டமும் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பதிவுச் சட்டத்தில் 32ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, ஆவணத்தைத் தாக்கல் செய்பவர் எவராயினும் நிழற்படத்தோடு விரல் ரேகையும் பதிக்க வேண்டும் என்றாயிற்று. என் கடைசி ஆண்டுகளில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் விரல்களையும் நான் உருட்டியிருக்கிறேன். அவர்கள் சுவரில் தேய்க்கவில்லை, கைக்குட்டை வைத்திருந்தார்கள்.

ஆனால் காரணக்குறியும் தேயும். எங்கள் தெரு நியாய விலைக் கடையில் ரேகைக் கருவி, வாழ்நாள் முழுதும் பாத்திரம் தேய்த்த கைகளையும் சுண்ணாம்பு கலந்த கைகளையும் அடையாளம் காண மறுத்து, 'மறுபடி வைங்க, இன்னொரு விரலை வைங்க' என்று பலமுறை சொல்ல வைக்கிறது. உழைத்தே தேய்ந்துபோன விரலுக்குக் கீறல் இட உரிமை இருந்த காலம் ஒன்று இருந்தது.

22 ஜூன்

15ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது.

பழைய வரைவு நகல்களை நான் எரிக்கவில்லை. பரண்மேல் மூன்று தகரப் பெட்டிகளில் இருந்தன. ஒரு வாரம் தேடி அந்த அம்மாளின் வரைவைக் கண்டெடுத்தேன். அவர் கையெழுத்தும் ரேகையும் சேர்த்து வைத்ததாக எழுதியிருந்தேன். வரைவின் இறுதி வாசகம் அப்படி இல்லை. 'எழுதிக்கொடுப்பவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதாகையால், இந்த ஆவணத்தைப் படித்துக் காட்டி, அவர் ஒப்புக்கொண்டு இடது கைப் பெருவிரல் ரேகை பதித்தார்' என்று என் எழுத்திலேயே இருக்கிறது. பதிவான பத்திரமும் இதே வாசகத்தோடுதான் போயிருக்க வேண்டும். கையெழுத்து இருக்கும் பத்திரத்தில் இந்த வாசகத்தைச் சார்பதிவாளர் ஏற்றிருக்க மாட்டார்.

இத்தனை ஆண்டுகளாக நான் இரண்டையும் வாங்கியதாகவே நினைத்திருந்தேன். அவர் பேனாவை ஊன்றிய காட்சி பொய்யன்று. வரைவைத் திருப்பிப் பார்த்தபோது அது எங்கே நடந்தது என்று தெரிந்தது. தாளின் பின்புறம் அவர் தம் பெயரை மூன்று முறை எழுதியிருக்கிறார். முதல் இரண்டில் புள்ளி இல்லை. மூன்றாவதில் புள்ளி தாளைத் துளைத்துக்கொண்டு முன்பக்கம் வந்திருக்கிறது, ஓரத்தில் நான் பென்சிலால் எழுதிய 'தற்குறி'க்கு ஓர் அங்குலம் கீழே.